நான்கு எல்போ

வால்நட் தெருவும் மூன்றாம் தெருவும்
முட்டிக்கொள்ளும் மூலையில்
நூற்றுப் பதினோரு வருடமாய் ஒரு குதிரை
முன்னங்காலைத் தூக்கியபடி நிற்கிறது.
மேலே இருந்தவர்
போன செப்டம்பரில் இறங்கிப் போனார்,
கிரேனில், அதிகாலை மூன்றரைக்கு.
ஆள் வேறு வார்ப்பு, குதிரை வேறு வார்ப்பு என்பது
அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.
குதிரை என்ன குற்றம் செய்தது என்று
நகர மன்றத்தில் எழுந்து கேட்டாளாம்
மருந்துக்கடை இர்மா கொவாக்.
ஒருவருக்கும் பதில் இல்லை.
குதிரை தங்கிற்று.

சேணத்தில் நான்கு போல்ட் துளை, நடுவில் பள்ளம்.
மழை பெய்தால் தேங்கும்,
குருவிகள் முறைவைத்துக் குளிக்கும்.
இந்தப் பூங்காவில் ஒழுங்காய் வேலை செய்த
ஒரே நீரூற்று அதுதான்.
நான் போடாத இணைப்பு.

வாசலில் இருப்பது பளிங்கு.
மதுவிலக்கு மாதர் சங்கம் கொடுத்தது.
‘இதைக் குடி, சகோதரனே’ என்று
விளிம்பைச் சுற்றி வெட்டியிருக்கிறார்கள்.
எண்பத்தாறில் வால்வை மூடியவர்
சாவியையும் கொண்டுபோய்விட்டார்.
அதன் நிழலில் உட்கார்ந்து
டெஸ்மண்டும் அவன் கூட்டாளிகளும்
காகிதப் பைக்குள் புட்டியை மறைத்து
சங்கத்துப் பெண்களின் ஆரோக்கியத்துக்கு
ஆளுக்கொரு மிடறு.

பீரங்கி அசல் அல்ல.
அசலை அடுத்த போருக்கு
உருக்கக் கொடுத்துவிட்டார்கள்.
இது கொதிகலன் பட்டறையில் செய்தது,
உள்ளே பத்து அங்குலக் கழிவுநீர்க் குழாய்.
தட்டினாலே எனக்குத் தெரியும்,
இருபத்திரண்டு வருடத் தொழில்.
யாரிடமும் சொன்னதில்லை.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாய் வந்து
அதன் முன்னால் காதைப் பொத்திக்கொள்ளும்போது
எப்படிச் சொல்வது?

நீரூற்றுக்கு உயிர் கொடுக்க
ஏப்ரலில் பணம் வந்தது.
பழைய வரைபடத்தைப் பிரித்தோம்.
பிரதான குழாய் நேரே வந்து,
மேப்பிள் மரத்தருகே ஒரு காரணமும் இல்லாமல்
இடம் திரும்பி, வலம் திரும்பி,
சுற்றிக்கொண்டு மறுபடி நேராகிறது.
‘குடித்துவிட்டுப் போட்ட கோடு’ என்று
தலைமுறை தலைமுறையாய்ச் சிரிப்போம் அதைப் பார்த்து.
ஓரத்தில் கையொப்பம்: ஓ. ப்ரூவிட், 1874.

நேர்வழியில் தோண்டினால்
பதினோரு மீட்டர் மிச்சம்.
நாலடி ஆழத்தில் லூஷியஸ் டார்வர்
கையை உயர்த்தினான்.
இயந்திரம் நின்றது.

களிமண்ணில் கறுப்பாய்ச் செவ்வகங்கள்,
பக்கம் பக்கமாய், ஒரே திசை பார்த்து.
சில குட்டையானவை.
ஒன்றின் மேல் கண்ணாடிப் பொத்தான்,
துடைத்தால் நீலம்.

பூங்காவுக்கு முன்னால் இது இடுகாடு.
அது பலகையிலேயே இருக்கிறது.
எல்லோரையும் மேட்டுக்கு மாற்றியாயிற்று
என்றும் இருக்கிறது.
காலராக் கோடையில் வண்டியில் வந்தவர்களுக்குக்
கல்லும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.
மாற்றக் கூலி கொடுப்பது யார்?

பல்கலைக்கழகத்திலிருந்து
தூரிகையோடு வந்தார்கள்,
ஆறு வாரம் நீலத் தார்ப்பாய்.
எழுந்து நின்று டார்வர்
தன் சாண்ட்விச்சைக் குதிரைப் பக்கம் போய்த் தின்றான்.
நான் வரைபடத்தை மடிமேல் விரித்து
ப்ரூவிட்டின் கோணல் கோட்டை
விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.
அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.
எழுதி வைக்கவில்லை. சுற்றிப் போயிருக்கிறான்.
அவ்வளவுதான்.

மண்ணை மூடச் சொல்லிவிட்டார்கள்.
நினைவுக்கல்லின் வாசகம் பற்றி
மன்றத்தில் இன்னும் சண்டை,
மூன்றாவது வரி ஒத்துவரவில்லையாம்.
குழாயை நான் பழைய வழியிலேயே கொண்டுபோனேன்.
கூடுதலாக நான்கு எல்போ எதற்கு என்று
கணக்குப் பிரிவு கேட்டது.
‘ஏற்கெனவே உள்ள வழி’ என்று எழுதினேன்.

ஜூனில் வால்வைத் திறந்தோம்.
வளைவுகள் இருப்பதால்
தண்ணீர் கொஞ்சம் தாமதித்தது,
தரைக்கடியில் இரண்டு முறை தட்டியது,
பிறகு துருநிறத்தில் பீறிட்டது.
டெஸ்மண்ட்தான் முதலில் குனிந்தான்.
வாயைக் கோணினான்.
‘இரும்பு’ என்றான்.
புறங்கையால் துடைத்துவிட்டு
மறுபடி குனிந்தான்.